அகல டயர்

பயப்படாம சாய்ஞ்சு உக்காருங்கண்ணே, வேட்டியில ஒட்டாது. கழுவித் தொடச்சுத்தான் கொண்டாந்திருக்கேன். கண்டக்டரு டிரைவர் பக்கத்துல போடுன்னாரு, கடைசி சீட்டுக்கு அடியில தள்ளுன்னாரு. நான் கேக்கல. லக்கேஜ் டிக்கெட்டக் கிழிங்க, மடியில வச்சுக்கிறேன்னுட்டேன். தள்ளிவிட்டா நசுங்கிப் போயிரும். நசுங்குனா அளவு மாறிப்போகும்.

பைக் டயருதாண்ணே. கார் டயருன்னு நெனச்சீங்களா? போடி பஸ் ஸ்டாண்டுலயும் அதத்தான் கேட்டாங்க. அம்புட்டு அகலம். சாதா பைக்கு இல்ல, க்ரூஸரு. தாழ்வா, நீளமா, காலை முன்னாடி நீட்டிக்கிட்டு ஓட்டுவோம்ல, அது. கம்பெனியில பின்னாடிக்கு நூத்தி முப்பது மில்லி அகலம்தான் போட்டுத் தர்றான். இது நூத்தி அம்பது. கையக் குடுங்க, இந்த ஓரத்தைத் தடவிப் பாருங்க. சீவிவிட்ட மாதிரி வழவழன்னு இருக்கா? உரசிருக்கு. பின் சக்கரத்தை ரெண்டு பக்கமும் கை நீட்டித் தாங்குற மாதிரி ஆர்ம்னு ஒரு இரும்பு இருக்கும், அதுல உரசிருக்கு. மதுரையில ஒருத்தரு அந்த ஆர்மையே அகலமா அடிச்சுத் தர்றாராம். டயரைக் கொண்டு வந்தாத்தான் அளவு எடுப்பேன்னுட்டாரு.

ஞாயித்துக்கெழமைக்குள்ள முடியணும்ணே. முடிஞ்சே ஆகணும். ஞாயித்துக்கெழமை அவங்க வீட்டுல பெரியவங்களை வச்சுப் பேசப் போறாங்க. பேசுறதுன்னா என்ன, பிரிச்சு விடுறதுதான். மச்சினன் அப்படித்தான் போன்ல சொன்னாரு. "நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி மாப்ள"ன்னுட்டாரு. அதுக்குள்ள வண்டி சரியாகி, உரசாம கொள்ளாம அவ வாசல்ல போய் நின்னுட்டேன்னு வைங்க...

யாரையா? என்னையும் என் சம்சாரத்தையும்தாண்ணே பிரிக்கப் போறாங்க.

என் பேரு வீரணன். போடியில ஏலக்காய் கமிஷன் கடையில எடை போடுறேன். அவ கோகிலவாணி, வாணின்னு கூப்புடுவேன். சின்னமனூருப் பொண்ணு. எங்களுக்குள்ள ஒரு சண்டை கெடையாதுண்ணே. ஒரு வாய்ப்பேச்சு கெடையாது. நான் சொன்னா அவ கேப்பா. என்ன சொன்னாலும் "சரிங்க"ம்பா. அப்படி ஒரு பொண்ணு, இன்னைக்கு போனையே எடுக்க மாட்டேங்குறா.

இந்த வண்டியே அவளுக்காக வாங்குனதுதான். அவ ஸ்கூட்டி கேட்டா. டைப்பிங் கிளாசுக்குப் போய் வர்றதுக்கு. நான்தான், நீ எதுக்கு தனியா ஓட்டிக்கிட்டு கஷ்டப்படணும், பின்னாடி சாய்மானம் வச்ச வண்டி வாங்குறேன், ராணி மாதிரி உக்காந்து வான்னு சொன்னேன். சரிங்கன்னா. சாய்மானத்துக்கு தையக்காரர்ட்ட சொல்லி தனியா மெத்தை வச்சுக் குடுத்தேன். எந்தப் புருசன் செய்வான், சொல்லுங்க.

போன ஆவணியில அவ அண்ணன் பூப்பாறையில வீடு கட்டிப் பால் காய்ச்சுனாரு. போடிமெட்டு மலை ஏறி அங்கிட்டு எறங்கணும். அப்ப வாணிக்கு ஆறாம் மாசம். பஸ்ஸுல போவோம்னா. இல்லாட்டி நீங்க மட்டும் போய்ட்டு வாங்க, நான் வீட்டுல இருந்துக்கிறேன்னா. நான் யோசிச்சேண்ணே. யோசிக்காம ஒண்ணும் செய்யல. அந்த வளைவுகள்ல பஸ்ஸு குலுக்குற குலுக்குல நல்லா இருக்கவனுக்கே கொடலு வெளிய வந்துரும். நம்ம வண்டி தொட்டில் மாதிரி. அப்படித்தான் அவகிட்டயும் சொன்னேன். சரிங்கன்னா.

மெதுவாத்தான் போனேன். சத்தியமா மெதுவாத்தான். ஒரே ஒரு ஜீப்பை மட்டும் முந்துனேன். தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போற ஜீப்பு, பொகையாக் கக்கிக்கிட்டுப் போச்சு. வாயும் வயிறுமா இருக்கவ அதைச் சுவாசிக்கலாமா? அதனாலதான் முந்துனேன். அவ தோள்ல தட்டுனா. எதுக்குத் தட்டுனான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அடுத்த வளைவுல சாரல் பெஞ்சு ரோடு நனைஞ்சு கெடந்துச்சு. திருப்புறேன், பின் சக்கரம் வாலை ஆட்டுன மாதிரி ஒரு ஆட்டு ஆட்டுச்சு. அம்புட்டுதான். விழுந்துட்டோம்.

எனக்கு முட்டியில சிராய்ப்பு. அவளைப் பின்னாடி வந்த அந்த ஜீப்புலயே ஏத்திப் போடிக்குக் கொண்டாந்து, அங்கருந்து தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

தங்கலண்ணே.

இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எல்லாரும் சொல்லிட்டாங்க. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் மண்டையில நின்னுச்சு. ஏன் வழுக்குச்சு? அந்த வாரம் பூராம் ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து அதைத்தான் யோசிச்சேன். அவ செவுத்தைப் பாத்துப் படுத்திருப்பா, நான் போன்ல பாத்துக்கிட்டே இருப்பேன். எந்தெந்த ஊருக்காரன் எந்த டயர் போடுறான், மழையில எது நிக்குது, எது நிக்கலன்னு. கடைசியில புரிஞ்சுச்சு. டயரு ஒல்லி. அவ்வளவு கனமான வண்டிக்கு, ரெண்டு பேரு... மூணு பேரு உக்காந்த வண்டிக்கு, நூத்தி முப்பது எப்படிண்ணே தாங்கும்? அகலமா இருந்திருந்தா ரோட்டைக் கவ்விப் புடிச்சிருக்கும். அவகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். "வாணி, ஏன்னு கண்டுபுடிச்சுட்டேன்"னேன். அவ திரும்பிப் பாத்தா. அந்த வாரத்துல அன்னைக்குத்தான் மொதத் தடவையா என்னைப் பாத்தா. டயருன்னேன். மறுபடி செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. ஊசி போட்ட மயக்கம்.

அங்கருந்து நேரா அவங்க அம்மா வீட்டுக்குப் போனா. ஒடம்பு தேறட்டும்னு நானும் விட்டுட்டேன். தெனமும் போன் போடுவேன். சாப்பிட்டியாம்பேன், சாப்பிட்டேன்பா. அப்புறம் டயரைப் பத்திச் சொல்லுவேன். கோயம்புத்தூர்ல விசாரிச்சது, மெட்ராஸ்ல ஸ்டாக் இல்லாதது, எல்லாம். ஒரு நாளு, "இனிமே டயரைப் பத்திப் பேசாதீங்க"ன்னா. கெட்டியா சொன்னா. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. அப்புறம் யோசிச்சா நியாயம்தான். பேசிக்கிட்டே இருந்தா எப்படி? செஞ்சு காட்டுய்யான்னு சொல்றா. பொம்பளைங்க நேராச் சொல்ல மாட்டாங்கல்ல.

நம்ம வண்டிய எப்பவும் பாக்குறது மெக்கானிக் கலீல் பாய். அலைஞ்சு திரிஞ்சு வாங்குன இந்த டயரைக் கொண்டு போய் அவரு முன்னாடி வச்சேன். சுத்திச் சுத்தி வந்து பாத்தாரு.

"வேணாம் வீரணா"ன்னாரு.

"ஏன் பாய்?"

"ரிம்மு பழைய ரிம்முதானே. அகல டயரை ஒல்லி ரிம்முல ஏத்துனா, நடுவுல வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கும். ரோட்டுல படுறது இப்பப் படுற அளவுதான். வளைவுல வண்டி சாய்றதுக்கு வேற அடம் புடிக்கும். எதுக்கு?"

"ரிம்மையும் மாத்துங்க."

"மாத்துனா ஆர்ம்ல இடிக்கும். செயின்ல இடிக்கும்."

"இடிக்கிறதை எல்லாம் கழட்டுங்க பாய்."

அவரு என்னையவே பாத்தாரு. வெத்தலையத் துப்பிட்டு வந்து, "வீட்டுல எப்படி இருக்கு?"ன்னாரு. நான் டயரைப் பத்திப் பேசுறேன், இவரு வீட்டைப் பத்திக் கேக்குறாரு. நல்லாத்தான் இருக்கு, நீங்க வேலையப் பாருங்கன்னேன். கோவமா சொல்லிட்டேன்போல. அப்புறம் அவரு ஒண்ணும் கேக்கல.

ஏத்திட்டாருண்ணே. ரிம்மு மாத்தி, செயின் கவரைக் கழட்டி, மட்கார்டுக் கம்பிய வளைச்சு, எல்லாம் செஞ்சு ஏத்திட்டாரு. எடது பக்கம் சேலை சக்கரத்துல சிக்காம இருக்க ஒரு கம்பி வலை இருக்கும்ல, அதையும் கழட்ட வேண்டியதாப் போச்சு. அது இருந்தா டயரு நிக்காது. பாய் அதைக் கையில வச்சுக்கிட்டு, "இதுமா?"ன்னாரு. அதுந்தான்னேன். டயரு முக்கியமா, வலை முக்கியமா?

ஆனா பாக்கணுமே வண்டிய! பின்னாடி நின்னு பாத்தா புலி உக்காந்த மாதிரி. எனக்கு கண்ணு கலங்கிருச்சு. அன்னைக்கே இது இருந்திருந்தா... சரி விடுங்க.

நேரா சின்னமனூரு. வாசல்ல நிறுத்தி ஹாரன் அடிச்சேன். அத்தை வந்து பாத்துட்டு, வாங்கன்னுகூடச் சொல்லாம உள்ள போய்ட்டாங்க. அப்புறம் அவ வந்தா. எளைச்சிருந்தா. தலையக்கூடச் சரியாச் சீவல. நான் ஒண்ணும் பேசல, டயரைக் கையக் காட்டுனேன். பேசாதன்னு சொன்னவகிட்ட செஞ்சு காட்டிட்டேன் பாத்தீங்களா? அவ டயரைப் பாத்தா. என்னையப் பாத்தா. கொஞ்ச நேரம் கதவைப் புடிச்சுக்கிட்டே நின்னா.

"அந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"ன்னா.

எனக்குக் காதே கேக்கலண்ணே. எந்த எடத்துக்குன்னேன். "விழுந்த எடத்துக்கு"ன்னா. அத்தை உள்ளருந்து, "வேணாம்டி, வேணாம்டி"ன்னு கத்துறாங்க. இவ செருப்பை மாட்டிக்கிட்டு வந்து வண்டியில உக்காந்துட்டா. பின்னாடி அவ கனம் ஏறுனதும் வண்டி லேசா அமுங்குச்சு பாருங்க, அந்த நிமிசம், எனக்கு எல்லாம் திரும்பக் கெடைச்சுருச்சுன்னு தோணுச்சு. ஜெயிச்சுட்டோம்டான்னு தோணுச்சு.

போடி வந்து, அடிவாரத்துல முந்தல் செக்போஸ்ட் தாண்டி மலை ஏறுனோம். வண்டி கொஞ்சம் அடம் புடிச்சுச்சுதான், பாய் சொன்ன மாதிரி. வளைவுல மல்லுக்கட்டித்தான் சாய்க்க வேண்டியிருந்துச்சு. ஆனா அவளுக்குப் பயமே இல்லண்ணே. முந்தியெல்லாம் ரெண்டு கையாலயும் என் இடுப்பைக் கட்டிக்கிட்டு வருவா. இப்ப என்னைத் தொடவே இல்ல. கண்ணாடியில பாத்தேன், ஒரு கையில சேலையச் சுருட்டி மார்போட புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில சாய்மானக் கம்பியப் புடிச்சிருந்தா. அம்புட்டு நம்பிக்கை. டயரு குடுத்த நம்பிக்கை.

பாதி மலையில ரப்பர் தீயுற வாடை வந்துச்சு. உரசுதுன்னு தெரிஞ்சுபோச்சு. அந்த வளைவு வந்ததும் அவளே தோள்ல தட்டுனா. நிறுத்துனேன். எறங்குனா. ரோட்டோரமா தடுப்புச் சுவரு இருக்குல்ல, அதுக்கு முன்னாடி தண்ணி ஓடுற ஒரு பள்ளம். அதுக்கிட்ட போய்க் குத்த வச்சு உக்காந்துட்டா. அழுகல. கையால அந்தப் புல்லைத் தடவிக்கிட்டு இருந்தா. அவளைக் கொஞ்ச நேரம் விட்ருவோம்னு நெனச்சு, நான் டயரு எம்புட்டு உரசிருக்குன்னு பாக்கக் குனிஞ்சேன். ஆர்மைத் தொட்டா சுடுது. சாவியால ஒட்டியிருந்த ரப்பரைச் சொரண்டிக்கிட்டு இருந்தேன்.

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்தீங்க"ன்னா.

"என்ன?"ன்னேன்.

"நான் இங்க கெடந்தேன். நீங்க அங்க, வண்டிகிட்ட, இப்படித்தான் குனிஞ்சு நின்னீங்க. நான் கூப்புட்டேன்."

எனக்குப் பொசுக்குன்னு போச்சுண்ணே. இத்தனை மாசம் இதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கா, ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே விளக்கிருப்பேன். என்ன நடந்துச்சுன்னா, வண்டி விழுந்தும் எஞ்சின் அணையல. பெட்ரோல் ஒழுகுது. ஒரு பொறி பட்டா என்ன ஆகும்? அதை ஆஃப் பண்ணிட்டுத்தானே வரணும்? வண்டிய நிமித்துனாத்தானே ஒழுகுறது நிக்கும்? அதைத்தான் அவகிட்ட வரிசையா எடுத்துச் சொன்னேன். பெட்ரோலு, எஞ்சினு, பொறி, எல்லாத்தையும். பொறுமையாத்தான் சொன்னேன். அவளும் பொறுமையாத்தான் கேட்டா. முழுசாக் கேட்டா.

கேட்டு முடிச்சுட்டு, "என்ன கொழந்தைன்னு நீங்க இன்னும் கேக்கவே இல்ல"ன்னா.

இதுக்கும் அதுக்கும் என்னண்ணே சம்பந்தம்? நான் கேக்கலதான். கேட்டா அவளுக்கு வலிக்கும்னுதான் கேக்கல. அன்னைக்கு ஆஸ்பத்திரியில துணியில சுத்திக் குடுத்தாங்க, அவ அண்ணந்தான் வாங்கிட்டுப் போனாரு. நான் அப்ப... நான் அங்க இல்ல. வண்டிய மலையில போட்டுட்டு வந்துட்டோமேன்னு எடுத்துட்டு வரப் போயிருந்தேன். அநாமத்தா கெடந்தா கழட்டிட்டுப் போயிருவாங்கல்ல.

இதைச் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். மேலருந்து தோட்ட ஜீப்பு ஒண்ணு எறங்கி வந்துச்சு. வேலை முடிஞ்சு வர்ற பொம்பளைங்க. இவ எந்திரிச்சுப் போய் கையக் காட்டுனா. நின்னுச்சு. அந்தப் பொம்பளைங்க தள்ளி உக்காந்து எடம் குடுத்தாங்க, ஏறிட்டா. வாணி, வாணின்னு கத்துறேன். ஜீப்பு எறங்கிருச்சு. நான் வண்டிய எடுத்துக்கிட்டுப் பின்னாடியே போறேன், டயரு உரசி உரசி இழுக்குது, திருப்புனா திரும்ப மாட்டேங்குது. ஜீப்பு ஒரு வளைவு கீழ, நான் ஒரு வளைவு மேல. அவ முதுகு தெரியுது, அடுத்த வளைவுல மறையுது, மறுபடி தெரியுது. அப்புறம் தெரியல.

உரசலைன்னா புடிச்சிருப்பேண்ணே. புடிச்சு, நின்னு பேசியிருப்பேன். அதுக்குத்தான் சொல்றேன், இந்த ஆர்மை மட்டும் அகலமாக்கிட்டா...

அதுக்கப்புறம் என் நம்பரைப் பாத்தா எடுக்கிறதே இல்ல. சாப்புட முடியல. கடையில எடை போட்டா தப்புத் தப்பாப் போடுறேன், மொதலாளி ரெண்டு தடவை திட்டிட்டாரு. வீட்டுக்குள்ள போகவே பிடிக்கல. அவ காயப்போட்ட பாவாடை ஒண்ணு கொடியிலயே கெடக்கு, அதை எடுக்கவும் மனசு வரல, பாக்கவும் முடியல. நான் என்னண்ணே தப்புப் பண்ணேன்? குடிச்சேனா? அடிச்சேனா? அவளுக்காக ஒரு வண்டியவே பிரிச்சு மேஞ்சிருக்கேன்.

என்னண்ணே?

...தெரியாது. என்ன கொழந்தைன்னு எனக்குத் தெரியாதுண்ணே.

இப்பவா? போன் போட்டா? எடுக்க மாட்டா, சொல்றேன்ல. உங்க போன்லயா... புது நம்பருன்னா எடுப்பாதான். ஆனா என்னன்னு கேக்குறது? இத்தனை மாசம் கழிச்சு, பஸ்ஸுல உக்காந்துக்கிட்டு... சரி. குடுங்க. நீங்க சொல்றீங்களேன்னு பண்றேன். நம்பரு மனப்பாடம்தான். அடிக்குது.

ஹலோ. வாணி. நாந்தான். வைக்காத, வைக்காதம்மா, ஒரே ஒரு நிமிசம். டயரைப் பத்தி இல்ல. சத்தியமா டயரைப் பத்தி இல்ல. வாணி... என்ன கொழந்தை?

...

ம்.

...

ம். பஸ்ஸுலதான். உசிலம்பட்டி தாண்டிட்டோம். ...பக்கத்துல ஒரு அண்ணே உக்காந்திருக்காரு, அவரு போனு.

...

ஆமா.

ஹலோ? வாணி? ஹலோ?

இந்தாங்கண்ணே, உங்க போனு.

பொண்ணாம். நெத்தி என்னைய மாதிரியாம். அதைச் சொல்றப்ப அவ குரலு பழைய குரலா இருந்துச்சுண்ணே. கல்யாணம் ஆன புதுசுல பேசுவாளே, அந்தக் குரலு. எங்க இருக்கீங்கன்னு கேட்டா. எத்தனை மாசம் கழிச்சு, எங்க இருக்கீங்கன்னு கேட்டா! யாரு போனுன்னா. சொன்னேன். அப்புறம், "அவருதான் கேக்கச் சொன்னாரா?"ன்னா.

ஆமான்னேன்.

உண்மையத்தானண்ணே சொன்னேன். ஏண்ணே வச்சுட்டா?